நிற்கவைத்துக் கொன்ற மரங்கள்

அன்று காலை நாங்கள் சண்டை போட்டது பாத்திரம் தேய்க்கிற நாருக்காக. அவர் தன் பட்டை உரிக்கும் கத்தியைச் சமையலறைத் தொட்டியில் போட்டு, அதில் காய்ந்து ஒட்டியிருந்த மரப்பாலை என் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அதுலதான் நான் பால் பாத்திரம் தேய்க்கணும்."

"தேய்ச்சா என்ன? மரத்துல விஷமா இருக்கு?"

"இல்லைன்னா நீங்களே வாயில வெச்சுப் பாருங்க."

அவர் நிஜமாகவே நாரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகத்தைச் சுளித்து, "உன் குழம்புக்கு இது தேவலை" என்றார். நான் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புது நாரைப் பிரித்தேன். அவர் கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, தோல் உறையில் செருகிப் பரண்மேல் வைத்தார். மழை வந்துவிட்டது, இனி நடவுதான், இந்த வருஷம் கத்திக்கு வேலை இல்லை என்று சொல்லிக்கொண்டே ஷூவைத் தேடினார். எங்கள் வீட்டில் சாதாரணமாக நடந்த கடைசிக் காரியம் அது.

அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். வாரம் முழுவதும் ஏதாவது ஒரு கட்டடத்தின் அடியில், லிப்ட் இறங்கி நிற்கும் குழிக்குள், கிரீஸும் தூசியுமாக நிற்கிற பிழைப்பு. நான் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வெயிலைப் பார்க்காத ஜோடி என்று எங்களை அண்ணன் கிண்டல் செய்வான். அதனாலோ என்னவோ, ஊர் ஓரத்தில் இருக்கும் பெரிய பூங்காவில் சனிக்கிழமைகளில் வேலை செய்ய ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் உடனே போய்ச் சேர்ந்துவிட்டார். சம்பளம் கிடையாது. கையுறையும் தேநீரும் உண்டு. அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க நான் போனேன். எங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள என் அண்ணன் வந்தான்.

பூங்காவின் முன்பக்கம் எல்லாப் பூங்காவையும்போல புல்தரை, ஊஞ்சல், பெஞ்சு. பின்பக்கம் வேலியைத் தாண்டினால் தரை சரிந்து ஓடைவரைக்கும் இறங்கும். அந்தச் சரிவு ஒரு காலத்தில் அடர்ந்த காடாக இருந்ததாம். விறகுக்காக யாரோ எங்கிருந்தோ ஒரு மரத்தைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அது பெருகி, உள்ளூர் மரங்களுக்கு வெளிச்சமே கிடைக்காமல் செய்துவிட்டது. குழுவில் அதற்கு 'விருந்தாளி' என்று பெயர். வந்தவன் வீட்டுக்காரனையே வெளியே தள்ளிவிட்டான் என்று டீச்சர் சொல்லுவார். டீச்சர்தான் குழுவுக்குத் தலைவர். பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர். காட்டுக்குள்ளும் வருகைப் பதிவு எடுக்காத குறை.

விருந்தாளியை வெட்ட முடியாது. எங்களைப் போன்றவர்கள் மிஷின் ரம்பத்தைத் தொடக் கூடாது என்பது பூங்கா அலுவலகத்தின் விதி. கைரம்பத்தால் வெட்டினாலும் பிரயோஜனம் இல்லை, அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாகிவிடும். அதற்கு வேறு வழி வைத்திருந்தார் டீச்சர். மார்பளவு உயரத்தில், மரத்தைச் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிடுவது. இலை சமைத்த சாப்பாடு பட்டைக்கு அடியில்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழியை அறுத்தால் வேர் பட்டினி கிடந்து மெல்லச் சாகும். மரம் நிற்கும், ஆனால் செத்திருக்கும். துளிர்க்காது.

அவர் அதில் கெட்டிக்காரர். இரண்டு பக்கமும் பிடி வைத்த அந்தக் கத்தியை மரத்தில் வைத்து இழுத்தால், பட்டை ஆப்பிள் தோல்போலச் சுருண்டு வரும். உள்ளே வெள்ளையாக, ஈரமாக, வழுவழுவென்று இருக்கும். விரலால் தொட்டுப் பார்ப்பார்.

"பாவம், அதுக்கே தெரியாது" என்றார் ஒருநாள். "இன்னும் ஒரு வருஷத்துக்கு இலையெல்லாம் பச்சையாத்தான் இருக்கும். எல்லாம் நல்லாத்தான் போகுதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கும்."

"இப்படிப் பேசாதீங்க" என்றேன்.

"மரத்தைப் பத்தித்தானே பேசறேன்."

இரண்டாவது வருஷம் அவை சாகத் தொடங்கின. உதிர வேண்டாத பருவத்தில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பிறகு பட்டை கழன்றது. நாங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே எங்காவது ஒரு பலகை அளவுக்குப் பட்டை மரத்தை விட்டு நழுவித் தரையில் விழும். அடிமரத்தில் வெள்ளை வெள்ளையாகக் காளான் தட்டுகள் முளைத்தன, ஒன்றன்மேல் ஒன்றாக, காது வைத்ததுபோல. வண்டு துளைத்த ஓட்டைகளிலிருந்து மாவு கொட்டியது. வெயில் ஏறும் நேரத்தில் மரங்களுக்குள்ளிருந்து விரல் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. தையல்கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தி எங்களோடு வருவாள். அவள் அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் "என்னவாம்?" என்று திரும்பிக் கேட்பாள். முதலில் சிரித்தோம்.

ஆனால் வெளிச்சம் வந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். என்றைக்கும் இருட்டாகக் கிடந்த தரையில் கட்டம் கட்டமாக வெயில் விழுந்தது. புல் முளைத்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி உள்ளூர் மரக்கன்றுகளை நடலாம். கன்றுக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துக் குழி எடுங்கள் என்றார். எடுத்தோம். வெளிச்சம் எங்கே விழுந்தது? மேலே இலை இல்லாத இடத்தில். அதாவது, நாங்கள் கொன்று நிறுத்தியிருந்த மரங்களுக்கு நேர் கீழே. அங்கேதான் மண்டியிட்டு, தலையைக் குனிந்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை செய்தோம்.

அதை முதலில் சொன்னவன் அண்ணன். அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பஸ் நிறையக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டி ஓட்டி, எதைப் பார்த்தாலும் அவனுக்கு முதலில் ஆபத்துதான் தெரியும். கல் தடுக்கும், முள் குத்தும், பாம்பு இருக்கும் என்று காலை முழுவதும் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பதால் குழுவில் அவனுக்கு 'சைரன்' என்று பெயர். மரங்கள் காய ஆரம்பித்ததும் அவன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினான்.

"மச்சான், வண்டியை எங்க நிறுத்தியிருக்கீங்க, மரத்து மேலயா?" என்றார் அவர்.

"சிரி மாப்ளே, சிரி. தலைக்கு மேல ஒரு செத்த பொணத்தை நிக்க வெச்சுட்டுக் கீழ உட்கார்ந்து தோட்டம் போடறோம். அறிவு இருக்கிறவன் பண்ற வேலையா இது?"

"தலைக்கு மேல கனம் தொங்கறது எனக்கு என்ன புதுசா? தினம் லிப்ட்டுக்கு அடியிலதான நிக்கறேன்."

"லிப்ட்டுல ரோப் அறுந்தா கப்புன்னு பிடிக்க கீழ பிரேக் வெச்சிருக்கான். மரத்துல எங்க இருக்கு பிரேக்?"

அவர் சிரித்தார். மண்வெட்டிப் பிடியால் பக்கத்து மரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். "கேளுங்க, கணீர்னு இருக்கு" என்றார். இருந்தது.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ நாங்கள் போனபோது, வழக்கமாகத் தேநீர் குடிக்கும் இடத்தில் ஒரு கிளை நின்றுகொண்டிருந்தது. விழுந்து கிடக்கவில்லை, மேலிருந்து செங்குத்தாக இறங்கி, ஆள் உயரத்துக்கு மண்ணில் குத்திட்டு நின்றது. டீச்சர் தன் மடக்கு நாற்காலியைப் போடுகிற இடம் அது.

"டீச்சர், உங்க எடத்துக்கு வேற ஆள் வந்துட்டாங்க" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. தையல்கார அக்கா கிளையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து பிடுங்க வேண்டியிருந்தது. அது குத்தியிருந்த துளைக்குள் என் கை முழங்கைவரை போயிற்று.

அன்றைக்கு டீச்சர் ஒரு விதி போட்டார். காற்று அடித்தால் வேலை கிடையாது. வேலிக் கதவுப் பக்கத்தில் இருக்கும் கம்பத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினார். காலையில் வந்ததும் எல்லாரும் முதலில் அதைப் பார்க்க வேண்டும். ரிப்பன் ஆடினால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். நியாயமான விதியாகத்தான் தோன்றியது. அதன்பின் எல்லாரும் மேலே பார்ப்பதை விட்டுவிட்டோம். ரிப்பனைப் பார்த்தோம். அது தொங்கிக்கொண்டிருந்தால் மனசு நிம்மதியாகிவிடும்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "பொண்டாட்டி சொன்னா கேப்பான். இந்த வருஷம் மட்டும் அந்தச் சரிவுக்குள்ள போக வேணாம்னு சொல்லு. எல்லாம் தானா விழட்டும். அப்புறம் போய் நட்டுக்கலாம்."

நான் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அது. பயமாக இருக்கிறது, இந்த வருஷம் விட்டுவிடுங்கள் என்றேன். அவர் என் சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கன்னுங்க பையிலயே இருந்து வேர் சுத்திக்கிச்சு. இந்த மழைக்கு நடலைன்னா எல்லாம் போச்சு."

"போகட்டும். வேற கன்னு வாங்கிக்கலாம்."

"மரமெல்லாம் தானா விழணும்னா எத்தனை வருஷம் ஆகும் தெரியுமா? அதுக்குள்ள விருந்தாளியோட விதை முளைச்சுத் திரும்ப இருட்டாயிடும். நாம பண்ணதெல்லாம் வீண். சும்மா கொன்னதாத்தான் ஆகும்." சேலையை மடித்து என் கையில் கொடுத்தார். "முதல் மழைக்கு ஒரே ஒரு சனிக்கிழமை. அதோட சரிவுக்குள்ள போக மாட்டேன். போதுமா?"

போதும் என்றேன். அவர் சொன்ன சொல் தவறாதவர்.

மழை அந்த வாரம் முழுக்கக் கொட்டியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் விட்டது. சனிக்கிழமை காலை, நாருக்குச் சண்டை போட்டுவிட்டு நாங்கள் போனபோது பூங்கா முழுவதும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கம்பத்தில் ரிப்பன் அசையாமல் தொங்கியது.

"நனைஞ்ச துணி எப்படி ஆடும்?" என்றான் அண்ணன்.

டீச்சர் அண்ணாந்து புல்தரை ஓரத்து மரங்களைப் பார்த்தார். ஓர் இலைகூட ஆடவில்லை. "காத்து சுத்தமா இல்லை, தம்பி" என்றார். உண்மைதான். அந்த மாதத்திலேயே அவ்வளவு அசைவில்லாத காலை வேறு இல்லை.

"நான் உள்ள வரல" என்றான் அண்ணன். "மேல பாதையில நின்னு கன்னு எடுத்துக் குடுக்கறேன். என்னை யாரும் கூப்பிடாதீங்க."

"ஹெல்மெட்டையாவது குடுங்க மச்சான், சும்மாதான நிக்கப்போறீங்க" என்றார் அவர். அண்ணன் கழற்றி நீட்டினான். அவர் போட்டுப் பார்த்தார். அவருக்குப் பெரிய தலை, இறங்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுச் சரிவில் இறங்கினார். அது இறங்கியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. பிறகு எனக்கு அதைப் பலர் விளக்கிச் சொன்னார்கள், நான் கேட்காமலே.

நான் பாதி வழியில் நின்றேன். அண்ணன் மேலிருந்து கன்று கொடுப்பான், நான் வாங்கி அவரிடம் இறக்குவேன். மண் வெண்ணெய்போல இருந்தது. மண்வெட்டி போகிற இடமெல்லாம் தானாக வழிவிட்டது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாரு, குழந்தைகூடத் தோண்டும்" என்றார். காற்று இல்லாமலே மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. வழக்கமாகக் கேட்கும் அந்தச் சொடுக்குச் சத்தம் அன்று இல்லை. எல்லாம் நனைந்து, உப்பி, கனத்து, வாயை மூடிக்கொண்டு நின்றன. அது நல்லது என்றுதான் நினைத்தேன்.

அவர் ஒரு கடைசிக் குழிக்குப் போனார். அந்தக் குழிக்கு மேலே நின்றது அவரே முதல் வருஷம் பட்டை உரித்த மரம். போகும்போது மண்வெட்டிப் பிடியால் அதைத் தட்டியதை நான் பார்த்தேன். மார்பளவில் தட்டினார். சத்தம் நன்றாகவே இருந்தது. மண்ணுக்குக் கீழே வேர் இருந்த இடத்தில் ஈரமான தூள்தான் மிச்சம் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

முதலில் தரைதான் அசைந்தது. நிற்கிற பாயை யாரோ மெதுவாக இழுக்கிற மாதிரி என் பாதத்துக்கடியில் ஒரு நழுவல். பிறகு மண்ணுக்குள்ளிருந்து ஈரத்துணி கிழிவதுபோல ஒரு சத்தம், அதுவும் பெரிதாக இல்லை.

"எல்லாரும் மேல வாங்க" என்றான் அண்ணன். கத்தவில்லை. பஸ்ஸில் குழந்தைகளை உட்காரச் சொல்கிற குரலில் சொன்னான். அந்தக் குரலைக் கேட்டு நான் மேலே ஓடினேன். டீச்சரும் தையல்கார அக்காவும் பக்கவாட்டில் ஓடினார்கள். அவர் வலது கையைத் தோள்வரை குழிக்குள் விட்டு, கன்றின் சுருண்டுகிடந்த வேரைப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. இடது கையை மட்டும் உயர்த்தினார். இருங்கள், இதோ வருகிறேன் என்கிற மாதிரி, உள்ளங்கையை எங்கள் பக்கம் காட்டி.

இலையுள்ள மரம் விழுந்தால் இலைகள் கூச்சல் போடும். இதில் கூச்சல் போட ஒன்றும் இல்லை. மெதுவாகச் சாய்ந்தது, அப்புறம் மெதுவாக இல்லை.

அவரை எடுக்கத் தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். அந்தச் சரிவில் முதல்முறையாக மிஷின் ரம்பத்தின் சத்தம் கேட்டது. டீச்சர் என் தலையைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டதால் நான் பார்க்கவில்லை. ரம்பம் இரண்டு தடவை ஏறி இறங்கியதைக் கேட்டேன். பூங்கா அதிகாரி, சின்ன வயசுப் பெண், கையில் தொப்பியை வைத்துக்கொண்டு வேலிக் கதவோரம் நின்றாள். யாரோ அவளிடம் ஏதோ கேட்டபோது, "நாங்க மிஷினை விடறதில்லை, பாதுகாப்புக்காக" என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

அண்ணன் இன்னமும் பஸ் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என் வீட்டுக் குழாய், விளக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான். வேலை இல்லாவிட்டாலும் எதையாவது முடுக்கிக்கொண்டிருப்பான். ஒருமுறை ஸ்டூல்மேல் நின்று பல்பைக் கழற்றியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"எல்லாரும்னு சொல்லிட்டேன். மாப்ளேன்னு கூப்பிட்டிருக்கணும். எல்லாரும்னு சொன்னா தன்னை அதுல சேத்துக்கிற ஆளே இல்லை அவன்."

"இறங்கு அண்ணே, காப்பி ஆறுது" என்றேன்.

சரிவை மூடினார்கள். ஆட்கள் வந்து, தூரத்தில் நின்று கயிறு கட்டி இழுத்து, மிச்சம் நின்ற செத்த மரங்களையெல்லாம் ஒவ்வொன்றாக விழவைத்தார்கள். பிறகு மறுபடி திறந்தார்கள். டீச்சர் குழுவை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. இப்போது வெளிச்சம் விழும் இடத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை என்று கேள்வி.

அந்த மரத்தைத் துண்டு போட்டு எரித்துவிட வேண்டும் என்று அண்ணன் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறான். அதிகாரி எனக்குப் போன் செய்தாள். அங்கே விழுந்தது எதுவானாலும் அங்கேயே கிடந்து மண்ணாக வேண்டும் என்பதுதான் முறை, ஆனால் நீங்கள் சொன்னால் அகற்றிவிடுகிறோம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்றாள். மருத்துவமனை மேசையில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "கிடக்கட்டும்மா" என்றேன்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். தையல்கார அக்கா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மற்ற மரங்கள் விழுந்து பாசி பிடித்து, எது எது என்று தெரியாமல் கிடக்கின்றன. அதை மட்டும் அடையாளம் தெரிகிறது. அது இரண்டு துண்டாகக் கிடக்கிறது. அடிப்பகுதி வேர்ப்பக்கம், நுனிப்பகுதி ஓடைப்பக்கம், ஒரே நேர்கோட்டில், விழுந்தபடியே. இடையில் அவரை எடுப்பதற்காக அறுத்து உருட்டிய பாகம் இல்லை. அங்கே ஓர் ஆள் நீளத்துக்கு வெறும் தரை இருக்கிறது.